அருவாமனை வெட்டு, ஒம்பது நாளாச்சு, மோதிர விரல் மடங்கலைங்க. பிளாஸ்டிக் சர்ஜரிங்கறாங்க, தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஈரோட்டு மைனா:

வணக்கம்ங்க, இத்தனை நாள் படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், எழுதறது இதான் மொத தடவை. இடது கை ஒத்த விரல்ல தட்டறேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை அரசாணிக்காய் அரியறப்ப காய் வழுக்கி வலது கை அருவாமனைல போயிருச்சுங்க. மோதிர விரல் அடியில, உள்ளங்கையும் விரலும் சேர்ற கோட்டுக்கு கொஞ்சம் மேல. பெரிய வெட்டெல்லாம் இல்லை, அரை இன்ச் இருக்கும், ஆனா ரத்தம் நிக்கவே இல்லை, பக்கத்துல இருக்கற கிளினிக்குக்கு ஓடினோம். நாலு தையல், டிடி ஊசி, நரம்பெல்லாம் நல்லாதான் இருக்குது பயப்படாதீங்கன்னு சொல்லி பெருசா ஒரு கட்டு போட்டு அனுப்பிட்டாங்க. கட்டு தடிமனா இருந்ததால மடங்குதா இல்லையான்னு நானும் பாக்கலை, வலிக்குதுன்னு விட்டுட்டேன். நேத்து தையல் பிரிச்சாங்க, மத்த விரலெல்லாம் மடங்குது, இது மட்டும் நீட்டிக்கிட்டே நிக்குதுங்க. இடது கையால மடக்கினா மடங்குது, விட்டா மறுபடி நீண்டுக்குது. சுண்டு விரல் பக்கம் மரத்துப்போயும் கெடக்குது.

இன்னைக்கு வேற ஆஸ்பத்திரில காட்டினோம், டெண்டன் ரெண்டும் கட் ஆயிருக்கு, நரம்பும் ஒண்ணு கட் ஆயிருக்கு, இந்த வாரத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும், பிளாஸ்டிக் சர்ஜன் பண்ணுவாருன்னாங்க. எங்கத்தை அதைக் கேட்டுட்டு "விரல் மடங்கலைன்னு போனா அழகுபடுத்தறேங்கறாங்களா"ன்னு ஒரே சண்டை. வீட்டுக்காரர் எலும்பு டாக்டர்கிட்ட போலாங்கறாரு. ஆபரேஷன் பண்ணாம சரியாகாதா? மயக்கம் கொடுப்பாங்களா? ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாதுங்கறாங்க, எனக்கு ரெண்டு வயசுல பாப்பா இருக்குது, எப்ப தூக்கலாம்? தனியார்ல காப்பீட்டு அட்டை செல்லுங்களா? ஒண்ணா கேட்டுட்டேன், ராத்திரி தூக்கமே இல்லைங்க.

டூட்டி ரூம் தோசை:

சிஸ்டர், நான் சென்னைல கவர்மென்ட் ஆஸ்பத்திரில பிளாஸ்டிக் சர்ஜரி படிச்சுட்டு இருக்கற ஆளு. உங்க கையை நேர்ல பாக்கலை, அதனால கடைசி வார்த்தை உங்க சர்ஜனோடதுதான், தெரிஞ்சதை சொல்றேன்.

முதல்ல இந்த "நரம்பு" பஞ்சாயத்தை முடிச்சுடுவோம். நம்ம ஊர்ல நரம்புங்கற ஒரே வார்த்தைல மூணு சாமான் இருக்கு. ரத்தக்குழாயும் நரம்புதான், தொட்டா தெரியறதுக்கான நரம்பும் நரம்புதான், விரலை இழுத்து மடக்கற வெள்ளைக் கயிறும் நரம்புதான். அந்த கயிறுதான் டெண்டன், தமிழ்ல தசைநாண். கிளினிக்ல "நரம்பு நல்லாருக்கு"ன்னு சொன்னது மூணுல எதைன்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது, ரத்தம் நின்னுதா, தையல் போட்டாச்சா, அடுத்த பேஷன்ட். தைக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கணுவா மடக்கச் சொல்லி, விரலோட ரெண்டு பக்கமும் தொட்டா தெரியுதான்னு கேட்டிருந்தா ஒரு நிமிஷத்துல மாட்டியிருக்கும். வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி தோல் மட்டும் தைச்சு அனுப்பி எங்ககிட்ட வர்றாங்க, சொன்னா பிபி ஏறுது, விடுங்க.

கட்டை விரல் தவிர மத்த விரல் ஒவ்வொண்ணுக்கும் மடக்கற டெண்டன் ரெண்டு. ஒண்ணு நடுக்கணுவை மடக்கும், இன்னொண்ணு நுனிக்கணுவை மடக்கும். உங்களுக்கு ரெண்டு கணுவுமே மடங்கலைன்னா ரெண்டும் போயிருக்கு. விரலுக்கு ரெண்டு பக்கமும் ஓடற நரம்புல சுண்டு விரல் பக்கத்து நரம்பு போயிருக்கு, அதான் மரப்பு. மடக்கினா மடங்குதுங்கறதால கணு நல்லா இருக்கு, இழுக்கறதுக்குத்தான் ஆள் இல்லை.

ஆபரேஷன் இல்லாம சேராது. ஏன்னா தோல் மாதிரி பக்கத்து பக்கத்துல கெடக்கற சாமான் இல்லை இது. பாவாடை நாடா அறுந்தா என்ன ஆகும், முனை உள்ள ஓடிடும் இல்லையா, அதேதான். அந்தப்பக்கம் தசை இழுத்துக்கிட்டே இருக்கறதால முனை உள்ளங்கைக்குள்ள போய் உக்காந்துக்கும். அதைத் தேடிப் பிடிச்சு அந்த சுரங்கம் வழியா திரும்பக் கொண்டுவந்து தைக்கணும். ரெண்டு மூணு வாரத்துக்கு மேல போனா தசை சுருங்கிடும், சுரங்கமும் மூடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் நேரா தைக்க முடியாம வேற இடத்துல இருந்து டெண்டன் எடுத்து வைக்கற கதையாகிடும். நீங்க ஒம்பதாவது நாள்ல இருக்கீங்க, இன்னும் நேரம் இருக்கு, ஆனா அத்தை சண்டை முடியட்டும்னு காத்திருக்கற அளவுக்கு இல்லை.

பிளாஸ்டிக் சர்ஜரின்னா அழகு மட்டும் இல்லைங்க. வடிவம் கொடுக்கறதுங்கற அர்த்தத்துல கிரேக்க வார்த்தைல இருந்து வந்தது, பக்கெட் குடமெல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இந்தப் பேரு இருக்கு. தீக்காயம், உதடு பிளவு, கை அடி, எல்லாம் இதுலதான் வருது. ஸ்டான்லி ஆஸ்பத்திரில கைக்குன்னே தனிப் பிரிவு 1971-ல ஆரம்பிச்ச ஆர். வெங்கடசாமி பிளாஸ்டிக் சர்ஜன்தான். 2018 பிப்ரவரில ரெண்டு கையும் போன ஒருத்தருக்கு வேற ஒருத்தரோட கையை எடுத்துப் பொருத்தினதும் அங்கதான். உங்க வீட்டுக்காரர் கேள்வியும் தப்பு இல்லை, வேலூர் சிஎம்சில தொழுநோயால மடங்கிப்போன கைகளுக்கு டெண்டனை இடம் மாத்தித் தைச்சு வேலை செய்ய வச்ச பால் பிராண்ட் எலும்பு டாக்டர்தான். எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் கை சர்ஜரில பழகினவரா, வாரத்துக்கு எத்தனை டெண்டன் தைக்கறாரு, அந்த ஆஸ்பத்திரில கைக்கு பிசியோ பாக்க ஆள் இருக்கா, இதைக் கேளுங்க. போர்டுல என்ன போட்டிருக்குங்கறது அப்புறம்.

மயக்கம்: பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டாம். தோள்பட்டைக்கு மேலயோ அக்குள்லயோ ஒரு ஊசி, கை மட்டும் மரக்கும். சில மணி நேரம் அந்தக் கை உங்களோடதே இல்லாத மாதிரி பொத்துன்னு கெடக்கும், பயந்துடாதீங்க, மரப்பு விட்டதும் வந்துடும். சில இடத்துல விரல் பக்கத்துல மட்டும் ஊசி போட்டு முழிச்சிருக்கும்போதே பண்றாங்க, தைச்சு முடிச்சதும் மடக்குங்கம்மான்னு சொல்லி மடக்க வச்சு பாத்துட்டுத்தான் தோலை மூடுவாங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும். கீறல் ஏன் கோணக்கோணலா போட்டாங்கன்னு அப்புறம் கேக்காதீங்க, நேர் கோடா கீறினா தழும்பு இறுகி விரலை வளைச்சுடும், அதான் அப்படி.

வளையலை இப்பவே கழட்டிடுங்க, வீக்கம் வந்தா சோப்பு போட்டாலும் வராது. நெயில் பாலிஷ் வேண்டாம், நகத்து நிறத்தைப் பாத்துத்தான் ரத்த ஓட்டம் பாப்போம்.

தாராபுரத்தான்:

அம்மிணி இதுக்கெல்லாம் கத்தி வெக்கறதா. எங்கூர்ல ஒருத்தருக்கு இதே மாதிரி விரல் மடங்காம கெடந்து, நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தி தெனமும் நீவிவிட்டு ஒரு மாசத்துல சரியாச்சு. புத்தூர் கட்டுக்கு போனாலும் ஆகும், செலவும் கம்மி. இந்த டாக்டருங்களுக்கு எல்லாத்துக்கும் ஆபரேஷன்தான்.

பிசியோ மதுரை:

அண்ணே கோவிச்சுக்காதீங்க, அவருக்கு டெண்டன் அறுந்திருக்காது, அடிபட்டு இறுகிப்போயிருக்கும், அதான் நீவினதும் வந்துருச்சு. புத்தூர் கட்டு எலும்புக்கு. அறுந்த கயித்தை வெளியில இருந்து நீவி எப்படிண்ணே முடிச்சு போடுறது? மூணு வாரம் எண்ணெய் போட்டுப் பாத்துட்டு அப்புறம் வர்றவங்களை நான் தினம் பாக்குறேன், அழுகையா வரும். உங்க எண்ணெய்க்கும் வேலை இருக்கு, தையல் பிரிச்சு காயம் நல்லா ஆறினப்புறம் தழும்பை தேங்காய் எண்ணெய் போட்டு நாங்களே தேய்க்கச் சொல்லுவோம். அது வரைக்கும் அடுப்படிலயே இருக்கட்டும்.

மைனா அக்கா, நான் பதினோரு வருஷமா கை பேஷன்ட்டுகளுக்கு மட்டும் பிசியோ பாக்குறேன். ஆபரேஷனைப் பத்தி டாக்டர் தம்பி சொல்லிட்டாரு, எனக்கு அதுக்கப்புறம்தான் வேலை, உங்களுக்கும்தான்.

"ஆறு வாரம் அசைக்கக் கூடாது"ன்னு நீங்க எழுதினதுல பாதிதான் சரி. தைச்ச டெண்டனை அசைக்காமலே வச்சா சுத்தி இருக்கிற எல்லாத்தோடயும் ஒட்டிக்கிரும், அப்புறம் தையல் எவ்வளவு நல்லா போட்டிருந்தாலும் விரல் நகராது. அவசரப்பட்டு இழுத்தா பிஞ்சிரும். இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் ஆறு வாரத்தை ஓட்டணும். கைக்குப் பின்பக்கம் ஒரு ஸ்ப்ளின்ட் போடுவாங்க, கையை ஒரு நிலையில பிடிச்சு வைக்கிற பட்டை, விரல் அடியில இருக்கிற முட்டிக்கணு வளைஞ்ச மாதிரி, விரல் ஒரு அளவுக்கு மேல நிமிர முடியாத மாதிரி. நாங்க அது செய்யிற பிளாஸ்டிக் ஷீட்டை வெந்நீர்ல போட்டு எடுத்தா அப்பள மாவு மாதிரி கொழகொழன்னு ஆகும், அப்படியே கை மேல போத்தி அமுக்கினா ரெண்டு மூணு நிமிஷத்துல இறுகிரும். அத்தைகிட்ட சொல்லுங்க, உங்க பிளாஸ்டிக் சர்ஜரில இருக்கிற பிளாஸ்டிக் அது ஒண்ணுதான்னு. சில ஆஸ்பத்திரில மாவுக்கட்டே போடுவாங்க, அதுவும் சரிதான்.

அந்த ஸ்ப்ளின்ட்டுக்குள்ளயே பயிற்சி. பொதுவா, இன்னொரு கையால விரலை மெதுவா மடக்கி உள்ளங்கை வரைக்கும் கொண்டு போறது, அப்புறம் விட்டு ஸ்ப்ளின்ட்ல முட்டுற வரைக்கும் நிமித்துறது, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு தடவை பத்து பத்தா. தானா மடக்கிறது எப்ப எவ்வளவுங்கிறது தையல் எத்தனை இழை போட்டிருக்காங்கங்கிறதைப் பொறுத்து, அதை உங்க சர்ஜனும் பிசியோவும்தான் சொல்லணும், யூட்யூப்ல பாத்து பண்ணாதீங்க. ராத்திரி தூங்கும்போதும் ஸ்ப்ளின்ட் கழட்டக் கூடாது, தூக்கத்துல கை தானா இறுக்கிப் பிடிக்கும். கையைத் தொங்கப்போடாம நெஞ்சு உயரத்துக்கு மேல தூக்கி வச்சுக்கங்க, படுக்கும்போது தலகாணி மேல. தோளையும் முழங்கையையும் மறக்காம அசைங்க, விரலைக் காப்பாத்திட்டு தோளைப் பூட்டிக்கிட்டு வர்ற ஆளுங்க நிறைய.

மரப்பு பத்தி: நரம்பு தைச்சதும் உணர்ச்சி உடனே வராது. நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்குல வளரும். விரல் அடியில இருந்து நுனி வரைக்கும் ஏழு சென்டிமீட்டர்னு வச்சா ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், நடுவுல தழும்பைத் தட்டினா ஷாக் அடிக்கிற மாதிரி விர்ருன்னு ஓடும், அது நல்ல சேதி. அது வரைக்கும் தோசைக்கல்லு, குக்கர் மூடி ஜாக்கிரதை, சுட்டா தெரியாது, தோல் கொப்புளிச்சப்புறம்தான் பாப்பீங்க.

பாப்பா விஷயம் வருத்தமாத்தான் இருக்கும், ஆனா அந்தக் கையால பன்னெண்டு வாரம் தூக்காதீங்க.

லேத்து மணி:

அக்கா நான் கோயமுத்தூர், லேத்து பட்டறை. பிசியோ அக்கா சொன்னதை செவத்துல எழுதி ஒட்டிக்குங்க, ஏன்னா நான் கேக்காம பட்டவன்.

மூணு வருஷம் முன்னாடி தகடு கிழிச்சு இடது ஆள்காட்டி விரல்ல உங்களுக்கு மாதிரியே ரெண்டும் கட், அன்னைக்கே ஆபரேஷன், சூப்பரா பண்ணாங்க. ரெண்டு வாரத்துல வலி சுத்தமா இல்லைங்க, அதுதான் பிரச்சனையே, வலி இல்லைன்னதும் மனசு சரியாயிடுச்சுன்னு நெனச்சுக்குது. நாலாவது வாரம் அக்கா பையன் காதுகுத்து, பந்தில தண்ணி கேன் தூக்க ஆள் இல்லைன்னு ஸ்ப்ளின்ட்ட கழட்டி பேன்ட் பாக்கெட்ல சொருகிட்டு கேனைப் புடிச்சேன். உள்ளங்கைக்குள்ள டப்புன்னு ஒண்ணு, சத்தம்னு கூட சொல்ல முடியாது, பழைய ரப்பர் பேண்டு அந்து போற மாதிரி, வலி பெருசா இல்லை. விரல் மறுபடி நீட்டிக்கிச்சு. அன்னைக்கே ஓடியிருந்தா திருப்பித் தைச்சிருக்கலாம்னு அப்புறம் சொன்னாங்க, நான் டாக்டர் திட்டுவாருன்னு வெக்கப்பட்டு மூணு வாரம் வீட்டுலயே கெடந்தேன்.

அப்புறம் என்ன, மொதல்ல விரலுக்குள்ள சிலிக்கான் குச்சி ஒண்ணு வச்சாங்க, அது மூணு மாசம் உள்ள இருந்து பாதை போடுமாம், அப்புறம் மணிக்கட்டுல இருந்து ஒரு டெண்டனை உருவி அந்த பாதையில வச்சு தைச்சாங்க. அந்த டெண்டன் சில பேருக்கு பொறப்புலயே இருக்காதுங்க, இல்லைன்னாலும் ஒண்ணும் ஆகாதாம். கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேத்து புடிச்சுட்டு மணிக்கட்டை கொஞ்சம் மடக்குங்க, நடுவுல கயிறு மாதிரி எழும்புச்சுன்னா இருக்குது. பட்டறையில எல்லாரும் பண்ணிப் பாத்தோம், எங்க ஓனருக்கு ரெண்டு கையிலயும் இல்லை, மனுசன் ஒரு வாரம் மூஞ்சிய தூக்கி வச்சுட்டு இருந்தாரு.

மொத்தம் ஒரு வருஷம் போச்சு. இப்ப நுனி முழுசா மடங்காது, அளவெடுக்கற வெர்னியர் புடிக்க முடியுது, அது போதும். மார்கழி காலைல மட்டும் விரல் விண்ணு விண்ணுனு தெறிக்கும், பாக்கெட்டுக்குள்ள வச்சுக்குவேன்.

காப்பீடு: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். தனியார்ல திட்டத்துல சேந்த ஆஸ்பத்திரியா இருந்தா செல்லும், ஆனா அட்மிட் ஆகறதுக்கு முன்னாடியே அங்க இருக்கற காப்பீட்டு கவுன்டர்ல போய் அனுமதி வாங்கிடுங்க, எல்லாம் முடிஞ்சு பில்லு போட்டப்புறம் அட்டையை நீட்டினா ஒண்ணும் நடக்காது. எனக்கு இஎஸ்ஐ இருந்துச்சு, அதுல போச்சு. கம்பெனி இன்சூரன்ஸ்ல சிலசமயம் பிளாஸ்டிக் சர்ஜரிங்கற வார்த்தையைப் பாத்தே அழகு சிகிச்சைன்னு தள்ளி விடுவாங்க, அடிபட்டதால பண்ற ஆபரேஷன்னு டாக்டரை தெளிவா எழுதித் தரச் சொல்லுங்க.

வேப்பமரத்து வீடு:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், கைன்னதும் கேக்கறேன். எங்கம்மாவுக்கு ஆறு மாசமா ராத்திரி ரெண்டு மணிக்கு வலது கை மரத்துப்போய் எழுந்து உதறிட்டு உக்காந்திருக்காங்க. கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல்தான், சுண்டு விரல் நல்லா இருக்குங்கறாங்க. சுகர் இருக்கு. இதுவும் ஆபரேஷனா?

டூட்டி ரூம் தோசை:

சுண்டு விரலை விட்டுட்டு மத்தது மரக்கறது, ராத்திரி எழுந்து உதறினா தேவலைங்கறது, இதைக் கேட்டதுமே மணிக்கட்டுல நரம்பு நெருக்கப்படுதோன்னுதான் தோணும், கார்ப்பல் டனல்னு சொல்லுவாங்க. சுகர், தைராய்டு இருக்கறவங்களுக்கு அதிகமா வரும். எடுத்ததும் ஆபரேஷன் இல்லை, ராத்திரி மணிக்கட்டை நேரா வைக்கற பட்டை, சிலருக்கு ஒரு ஊசி. ஆனா கட்டை விரல் அடியில இருக்கற சதை மேடு ரெண்டு கையிலயும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, வலது பக்கம் வத்தியிருந்தா, ஊசில நூல் கோக்க, புடவைல ஊக்கு குத்தக் கஷ்டப்பட்டாங்கன்னா தள்ளிப்போடாம காட்டுங்க. ஆபரேஷன்னாலும் சின்னதுதான், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். தனியா ஒரு கேள்வியா போடுங்க, இங்க மைனா சிஸ்டர் காத்துட்டு இருக்காங்க.

ஈரோட்டு மைனா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஆபரேஷன் ஆகி இன்னைக்கு அஞ்சு நாள். பன்னெண்டாவது நாள்ல பண்ணினாங்க, அட்டையிலயே ஆச்சு. முழு மயக்கம் இல்லை, காறை எலும்புக்கு மேல ஒரு ஊசிதான். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் அவங்க பேசிக்கறதெல்லாம் கேட்டுச்சு, "முனை உள்ளங்கை வரைக்கும் போயிருக்கு"ன்னு ஒருத்தர் சொன்னதும் எனக்கு பாவாடை நாடாதான் ஞாபகம் வந்துச்சு, சிரிச்சுட்டேன், நர்ஸ் ஏம்மா வலிக்குதான்னு கேட்டாங்க. அப்புறம் வார்டுல முழிச்சுப் பாத்தா யாரோ கை என் வயித்து மேல கெடக்குதுன்னு தள்ளி விடப் பாத்தேன், என்னோடதேதான். சாயங்காலம் மரப்பு விட்டப்ப வலி எடுத்துச்சு, மாத்திரை முன்னாடியே போட்டுக்கணும்னு சொன்னது அப்பத்தான் புரிஞ்சது.

எங்கத்தை இப்ப மாறிட்டாங்க. மணிக்கு ஒரு தடவை போன்ல அலாரம் வச்சு "பத்து எண்ணு, பத்து எண்ணு"ன்னு பக்கத்துல உக்காந்துக்கறாங்க. தாராபுரத்து அண்ணாவுக்கு, எண்ணெய் எடுத்து வச்சிருக்கறேன்ங்க.

தாராபுரத்தான்:

நல்லா இரு அம்மிணி. காயம் ஆறினதும் போடு. மரச்செக்கு எண்ணெயா வாங்கு.

ஈரோட்டு மைனா:

ஏழாவது வாரம்ங்க. போன வாரம் ஸ்ப்ளின்ட் எடுத்துட்டாங்க, வெளில போறப்பவும் தூங்கறப்பவும் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் போடச் சொல்லியிருக்காங்க. கை பாக்கறதுக்கே பயமா இருந்துச்சு, தோல் உரிஞ்சு, மெலிஞ்சு, விரல் விறைப்பா. நானா மடக்கினா நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல ரெண்டு விரல் அகலம் இடைவெளி இருக்குது, பிசியோ ஸ்கேல் வச்சு அளந்து நோட்டுல எழுதிக்கிட்டாரு. மரப்பு அடிக்கணு தாண்டி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு, தட்டினா நீங்க சொன்ன மாதிரியே விர்ருங்குது. நேத்து மோர் சாதம் கையில பிசைஞ்சு சாப்பிட்டேன், பாதி இடுக்குல ஒழுகுச்சு, இருந்தாலும் என் கையால.

மணி அண்ணா, பக்கத்து வீட்டு சீமந்தத்துக்கு தண்ணி கொடம் எடுக்கச் சொன்னாங்க, உங்களை நெனச்சுட்டு கையைக் கட்டிட்டு நின்னேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும் பிசியோ அக்கா. பாப்பா கையைத் தூக்கிட்டு வந்து நிக்கறா, முடியலைங்க. பன்னெண்டு வாரம்னா பன்னெண்டுதானா?

பிசியோ மதுரை:

பன்னெண்டுதான்க்கா. நீங்க தரையில உக்காந்துக்கங்க, அவளே மடியில ஏறிக்கிருவா.